கவிச்சக்கரவர்த்தி ஒட்டக்கூத்தர்

யாம் சிறுவராயிருந்த காலத்து எம் பாட்டியார் எமக்குச் சொல்லிய முதற்கதை நரியும் காகமும் பற்றியதன்று. புலவர் ஒருவர் மனிதத் தலைகளை அரியணையாக அடுக்கி, அவற்றின்மேல் அமர்ந்து பாடினார் என்பதே அக்கதை. அத்தலைகள் நம் குலத்தவர் தம் வீட்டுத் தலைச்சன் பிள்ளைகளுடையன என்று பாட்டியார் பெருமிதத்தோடு கூறுவார். எந்தையார்க்குத் தலைச்சன் பிள்ளை யாமே. அன்றிரவு யாம் உறங்கவில்லை. மறுநாட் காலை, உறையூரில் எம் வீட்டுத் தறிக்குழியில் அமர்ந்திருந்த எந்தையாரை அணுகி, அப்புலவர் மீண்டும் வந்து கேட்டால் எம் தலையையும் கொடுத்துவிடுவாரோ என்று வினவினோம். அவர் நாடா ஓட்டுவதை நிறுத்தவில்லை. புலவர் இறந்து எண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று மட்டும் கூறினார். எம் வினாவுக்கு அது விடையன்று என்பது அவ்வயதிலேயே எமக்கு விளங்கிற்று.

அப்புலவரே கவிச்சக்கரவர்த்தி ஒட்டக்கூத்தர். செங்குந்தர் இல்லங்களில் அவர் பெயரை அறியாதார் இலர். அவர் நூல்களைப் பயின்றாரோ மிகச் சிலர். கூத்தர் என்றவுடன் தலைகளை நினைப்பவர் பலராகவும், அவர் பாடிய உலாவையும் பரணியையும் நினைப்பவர் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவும் இருத்தல் கருதி, அவர் வரலாற்றை அன்பர்கட்குக் கூறப் புகுந்தோம். கதையைக் கதையென்றே கூறுவோம். சான்றுடையதைச் சான்றுடையதென்றே கூறுவோம்.

கூத்தர் என்பதே அவருடைய இயற்பெயர். தில்லைக் கூத்தப்பெருமானை நினைந்து பெற்றோர் இட்ட பெயர் அது. அவர் பிறந்த ஊர் மலரி. திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கேயுள்ள திருவெறும்பூரே பழைய மலரி என்று கூறும் வழக்கு ஒன்று உண்டு. அது மெய்யாயின் அவர் நம் அண்டையூரினர். உறையூரினின்று காவிரித் தென்கரையோடு ஒரு காலை நடந்தால் சென்றடையும் தொலைவு. அவர் வறிய குடியிற் பிறந்தார் என்பதும், பிழைப்பு நாடிப் புதுவை என்னும் ஊரில் சங்கரன் என்னும் தலைவனிடம் பணியாளராய் அமர்ந்தார் என்பதும், அவ்வூர்க் காங்கேயன் என்பான் அவர்தம் புலமையை முதன்முதற் கண்டு போற்றினான் என்பதும் வழிவழி வந்த செய்திகள். அந்நன்றி மறவாது காங்கேயன்மேல் நாலாயிரக்கோவை பாடினார் என்பர். அரசவைக்குச் செல்லுமுன் பிறர் வாயிலில் நின்ற நாட்கள் அவர்க்கு இருந்தன என்பதை நாம் மறத்தல் கூடாது. பிற்காலத்து அவர் கொண்ட செருக்குக்கு வேர் அந்நாட்களில் இருத்தல் கூடும் என்பது எம் கருத்து.

அரசவையில் அவர் பெற்ற இடம் தமிழ்ப் புலவருள் வேறெவர்க்கும் கிட்டாதது. விக்கிரமசோழன், அவன் மகன் இரண்டாங் குலோத்துங்கன், அவன் மகன் இரண்டாம் இராசராசன் என்னும் மூவேந்தர்க்கும் அவரே அவைக்களப் புலவர். விக்கிரமன் அரசு கட்டிலேறியது கி. பி. 1118-இல், இரண்டாம் இராசராசன் ஆட்சி முடிந்தது 1173-இல். பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையும் ஒரே புலவன் வாயால் உலாப் பெற்றனர். ஆதலின் அம்மூன்று நூல்களும் ஒருங்கே மூவருலா எனப் பெயர் பெற்றன.

உலா என்பது அரசனோ இறைவனோ தேர்மீதோ யானைமீதோ வீதியிற் பவனி வர, பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் கண்டு காமுற்றதாகக் கலிவெண்பாவிற் பாடும் சிற்றிலக்கியம். மாணவர்க்கு அதனைக் கற்பிக்கும்பொழுது, மகளிர் மயங்கும் பகுதிகளைக் கடந்து, தொடக்கத்தில் வரும் சோழர் வமிசாவளியில் நின்று நிதானித்தல் எம் வழக்கம். கூத்தர் அங்கே சூரியனிற் றொடங்கி, புறாவுக்காகத் தன் தசையை அரிந்தவன், ஆவின் கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலிலிட்டவன், காவிரிக்குக் கரை கண்டவன் என முன்னோரை அடுக்கி, அவர்களின் வழியிலேயே தம் காலத்து மெய்யான வேந்தரையும் நிறுத்துகின்றார். கேட்பவன் எவ்விடத்திற் புராணம் முடிந்தது, எவ்விடத்தில் வரலாறு தொடங்கிற்று என்று அறியாதவாறு அது செல்லும். ஒரு குலத்துக்கு முன்னோரைச் சமைத்துத் தருதல் புலவன் தொழிலாயிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. கூத்தர் அத்தொழிலில் வல்லவர். அவரைப் பற்றியே பின்னர்க் கதை சமைக்கப்பட்டது என்பதைக் காணுமிடத்து நமக்கு நகையும் தோன்றுகின்றது.

விக்கிரமசோழனைக் கூத்தர் அகளங்கன் என்னும் பெயரால் அழைப்பார். களங்கமற்றவன் என்பது பொருள். திருவரங்கம் பெரிய கோயிலின் திருச்சுற்றுக்களுள் ஒன்று அகளங்கன் திருச்சுற்று என்றே வழங்கிவருகின்றது. அப்பெயர் இவ்வேந்தனுடையது என்பது அறிஞர் துணிபு. நம் சங்கத்துக் குடும்பங்கள் மார்கழியில் அரங்கனை வணங்கச் செல்லுங்கால், தம் முன்னோராகிய புலவர் பாடிய மன்னனின் பெயர் தாங்கிய சுற்றினைக் கடந்தே செல்கின்றன. கூட்டத்திடையே நெருக்குண்டு செல்லும் அவ்விடத்தில் இதனை நினைப்பார் யாருளர்!

கூத்தர் ஒட்டக்கூத்தர் ஆனது பற்றி இரண்டு கதைகள் உள. அரசன் தன் உலாவிலுள்ள கண்ணி ஒன்றனை எடுத்து அதனோடு ஒட்டி ஒரு பாடல் இயற்றுமாறு வேண்ட, நொடிப்பொழுதிற் பாடி முடித்தமையால் அப்பெயர் பெற்றார் என்பது ஒன்று. ஒட்டம் என்பது பந்தயம். பந்தயம் வைத்துப் பாடி வெல்பவர் ஆதலின் அப்பெயர் வந்தது என்பது மற்றொன்று. முன்னது அவர் திறமையைக் காட்டுகின்றது. பின்னது அவர் இயல்பைக் காட்டுகின்றது. யாம் எதனையும் தள்ளுகிலம்.

இரண்டாங் குலோத்துங்கன் கூத்தரிடம் தமிழ் பயின்ற மாணவன் என்பர். அவன்மீது அவர் உலாவேயன்றிப் பிள்ளைத்தமிழும் பாடினார். மன்னனைக் குழவியாகக் கொண்டு பாடிய பிள்ளைத்தமிழ்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது அதுவே. இவ்வேந்தன் தில்லையம்பலத்தைப் பொன்வேய்ந்து பெருக்கினான். அப்பணியின்போது தில்லைத் திருமுற்றத்திருந்த கோவிந்தராசர் திருவுருவத்தை அகற்றிக் கடலில் இடச்செய்தான். இதனை நமக்கு அறிவிப்பவர் பகைவர் அல்லர். கூத்தரே தம் நூல்களில் மன்னன் புகழாக இதனைப் பாடியுள்ளார். அத்திருவுருவத்தைப் பேணி இராமாநுசர் திருப்பதி மலையடிவாரத்தில் எழுந்தருளுவித்தார் என்பது வைணவர் வரலாறு. இராமாநுசர் திருவரங்கம் விட்டு மேல்நாடு சென்றதற்குக் காரணனாகச் சொல்லப்படும் கிருமிகண்ட சோழன் இக்குலோத்துங்கனா, இவன் பாட்டனா என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருப்படவில்லை. எவ்வாறாயினும், காவிரிக்கு அக்கரையில் வாழும் எம் வைணவ நண்பர்களிடத்துக் கூத்தர் பெயரை எடுக்குங்கால் அவர்கள் முகம் சிறிது வாடுவதை யாம் கண்டதுண்டு. அவர்கட்கு யாம் மறுமொழி கூறுவதில்லை. கூத்தர் அச்செயலைக் கண்டு மகிழ்ந்து பாடினார் என்பது உண்மை. அது நமக்குப் பெருமை தருவதன்று. முன்னோர் செய்தவற்றுள் இனியவற்றை மட்டும் பொறுக்கிக் குலப்பெருமை பேசுதல் கணக்குப் புத்தகத்தில் வரவை எழுதிச் செலவை விடுதல் போலும்.

இரண்டாம் இராசராசன் காலத்தே கூத்தர் புகழின் உச்சியை அடைந்தார். அவன் தன் உலாவின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஆயிரம் பொன் பரிசளித்தான் என்பர். பூந்தோட்டத்தை அடுத்து அரிசிலாற்றங்கரையிலுள்ள கூத்தனூர் அவர்க்கு மன்னன் அளித்த ஊர் என்றும், அங்குள்ள கலைமகள் கோயில் அவர் வழிபாட்டோடு தொடர்புடையது என்றும் கூறுவர். புரட்டாசி நவராத்திரியின் இறுதியில் குழந்தைகளை அங்கு அழைத்துச் சென்று நெல்லில் எழுத்தெழுதச் செய்யும் பெற்றோர் பலர். அவ்வூரின் பெயரில் ஒரு புலவனின் பெயர் உறைகின்றது என்பதை அவருள் அறிந்தவர் எத்துணைப் பேர்?

ஆயின் அவர் நூல்களுள் தலையாயது எது என எம்மைக் கேட்பின் தக்கயாகப்பரணி என்றே கூறுவோம். பரணி என்பது போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது. சயங்கொண்டார் முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப்போரைப் பாடினார். கூத்தரும் விக்கிரமன்மேற் கலிங்கப்பரணி ஒன்று பாடினார் என்ப. அது இன்று நமக்குக் கிடைத்திலது. மூப்பெய்திய காலத்தில் அவர் மனிதர் போரை விட்டு, சிவபெருமானை மதியாது தக்கன் செய்த வேள்வியை வீரபத்திரர் அழித்த கதையைப் பரணிப்பொருளாகக் கொண்டார். எண்ணூற்றுக்கு மேற்பட்ட தாழிசைகள். காளி கோயில், பேய்கள், யோகினியர், சம்பந்தர் மதுரையிற் சமணரோடு வாதிட்ட வரலாறு என்று பல பொருள்களை அதனுட் புகுத்தியுள்ளார். சொற்கள் கரடுமுரடாய்ச் செல்லும். சந்தம் யானை நடைபோற் பெயர்ந்து செல்லும். பழைய உரையின் துணையின்றிப் பல இடங்களில் பொருள் காண்டல் அரிது. உரையாசிரியர் பெயர் தெரியவில்லை. எனினும் அவர் மேற்கோள்களாக எடுத்தாண்ட, இன்று மறைந்துபோன நூல்கள் பல. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் அவ்வுரையுடன் 1930-இல் இந்நூலைப் பதிப்பித்திராவிடின் நமக்குத் தலைகளின் கதை மட்டுமே எஞ்சியிருக்கும்.

இனிக் கதைகளுக்கு வருவோம். கூத்தர்க்குக் கவிராட்சதன் என்றும் ஒரு பெயர் உண்டு. பிழைபடப் பாடும் புலவர்களை இருவர் இருவராகக் குடுமியோடு குடுமி முடிந்து தலை வெட்டுவித்தார் என்பது அவரைப் பற்றிய பேச்சு. போலிப்புலவர் மலிந்துவிட்டனர், குட்டுதற்குப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதறுத்தற்கு வில்லி இல்லை, வெட்டுதற்கு ஒட்டக்கூத்தன் இல்லை என்று பிற்காலத்துத் தனிப்பாடல் ஒன்று வருந்துகின்றது. புலவன் ஒருவனைக் கொலைத்தொழில் பற்றி ஏங்கி நினைவுகூரும் இவ்வழக்கம் விந்தையே. தேர்வுத்தாள் திருத்துங்கால் சில நாட்களில் எமக்கும் அவ்வேக்கம் தோன்றாமல் இல்லை.

புகழேந்தியின் கதையை அன்பர் அறிவர். பாண்டியன் மகள் சோழன் தேவியாய் வந்தபொழுது சீதனமாக உடன்வந்த புகழேந்தியைக் கூத்தர் அழுக்காற்றாற் சிறையிடுவித்தார். அதனையறிந்து தேவி ஊடிக் கதவடைத்தாள். ஊடல் தணிக்க அரசன் அனுப்பிய கூத்தர் பாடவே, அவள் சினந்து இரண்டாந் தாழ்ப்பாளையும் இட்டாள். கூத்தன் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் என்னும் பழமொழி அங்ஙனம் பிறந்ததாம். கதை சுவையுடையது. ஆனால் நளவெண்பாப் பாடிய புகழேந்தியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்றே ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். பிறவாத புலவனை எவ்வாறு சிறையிட்டார்?

கம்பரைப் பற்றிய கதையோ திருவரங்கத்தை நமக்கு நினைவூட்டுவது. சோழன் கூத்தரையும் கம்பரையும் இராமகாதை பாடப் பணித்தான். கூத்தர் நாடோறும் பாடிக் காண்டங்கள் பலவற்றை முடிக்க, கம்பர் ஒன்றும் பாடாதிருந்து, அரசன் வினவிய அன்று, கடலுக்கு அணைகட்டும் பகுதி வரை முடிந்தது என்று கூறிப் பாடலொன்றைச் சொன்னார். அதிலுள்ள துமி என்னும் சொல்லுக்கு உலகவழக்கு இல்லையென்று கூத்தர் மறுத்தார். தெருவிற் சென்று பார்க்க, கலைமகளே இடைச்சி வடிவில் மோர் கடைந்துகொண்டு, துமி தெறிக்கும் விலகுங்கள் என்று தன் பிள்ளைகட்குக் கூறினாள். தோல்வியுற்ற கூத்தர் தாம் பாடிய ஏடுகளைக் கிழித்தெறிந்தார். கம்பர் ஓடிவந்து தடுத்து, எஞ்சிய உத்தரகாண்டத்தைக் காத்துத் தம் நூலின் இறுதியிற் சேர்த்தார். பின்னர்த் திருவரங்கத்தில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. இரணியன் வதையைப் பாடியபொழுது மேட்டழகியசிங்கர் தலையசைத்து ஒப்பினார்.

யாம் ஆண்டுக்கொருமுறை மாணவரைத் திருவரங்கம் அழைத்துச் சென்று, தாயார் சந்நிதிக்கு எதிரேயுள்ள கம்பர் மண்டபத்தைக் காட்டுவோம். ஒருமுறை நம் குலத்துச் சிறுவன் ஒருவன் அம்மண்டபத்தின் படியில் ஏற மறுத்து நின்றான். நம் புலவரைத் தோற்கடித்தவர் மண்டபத்தில் ஏறுவதில்லை என்று அவன் வீட்டில் யாரோ சொல்லியிருந்தனர். அவனுக்கு யாம் கணக்கொன்று சொன்னோம். கம்பராமாயணம் அரங்கேறிய ஆண்டாகப் பழைய தனிப்பாடல் ஒன்று தருவது சகாப்தம் 807, அதாவது கி. பி. 885-ஐ ஒட்டியது. அரங்கேற்றத்துக்குத் தலைமை தாங்கியவர் நாதமுனிகள் என்னும் கதையும் அக்காலத்தையே சுட்டும். கூத்தரோ 1118-க்குப் பின் அவையேறியவர். அக்கணக்குச் சரியாயின் இருவர்க்கும் இடையே இருநூறு ஆண்டுகட்கு மேலாகின்றன. அன்றிக் கம்பர் பன்னிரண்டாம் நூற்றாண்டினரே என்று கொள்ளும் அறிஞரும் பலர். அங்ஙனமாயின் இருவரும் ஒருவரையொருவர் கண்டிருத்தல் கூடும். ஆயினும் மோர் கடைந்த இடைச்சியைக் கண்டவர் எவரும் எழுதிவைக்கவில்லை. சிறுவன் இவற்றையெல்லாம் கேட்டான், படியில் ஏறினான், ஏறியபின், கிழித்த ஏடுகளை யார் பொறுக்கினார்கள் என்று கேட்டான். அவன் வினா எமக்கு மிகவும் பிடித்திருந்தது. தன் நூல் பிறர் நூலுக்கு ஈடாகாது எனக் கண்டவுடன் கிழிக்கும் நேர்மை எத்துணைப் புலவர்க்கு உண்டு? கதை கூத்தரைத் தாழ்த்துவதற்காகப் பிறந்தது. இருந்தும் அவரை உயர்த்திவிட்டது.

இனி, பாட்டியார் சொல்லிய கதை. செங்குந்தர் கூடித் தம் வீரத்தையும் தம் ஈட்டியையும் சிறப்பித்துப் பாடுமாறு கூத்தரை வேண்டினர். தம் குலத்தைத் தாமே புகழ்தல் புலவர்க்குத் தகாது என்று அவர் மறுத்தார். அவர்கள் விடாது வற்புறுத்தவே, அவ்வாறாயின் தலைச்சன் பிள்ளைகளின் தலைகளைக் கொணர்க என்றார். எழுபது என்பாரும் உளர். ஆயிரத்தெட்டு என்பாரும் உளர். கொணர்ந்தனர். அவற்றை இருக்கையாக்கி அமர்ந்து, இராசராசன் அவையில் ஈட்டியெழுபது பாடினார். பின்னர்க் கலைமகளை வேண்டி எழுப்பெழுபது பாட, தலைகள் உடல்களோடு பொருந்தி அனைவரும் உயிர்பெற்றெழுந்தனர்.

ஈட்டியெழுபது கூத்தர் வாக்கேயன்று, பிற்காலத்தது என்று ஐயுறுவார் உளர். மூவருலாவையும் பரணியையும் பயின்ற செவிக்கு அந்நூலின் நடை அயலாகத் தோன்றுகின்றது என்பதை யாமும் மறையாது கூறுகின்றோம். இவ்வாறு கூறியதற்காக ஒருமுறை கூட்டமொன்றில் முதியோர் சிலர் எம்மோடு பேசாது எழுந்து சென்றனர். அவர்கள்பால் எமக்கு வருத்தமில்லை. எழுபது பாட்டுக்கு எழுபது தலை என்னும் எண் எங்கிருந்து வந்தது எனச் சிந்திப்பின், நூலின் பெயரினின்றே வந்தது எனத் தோன்றும். எழுபது என்று முடியும் நூல்வகை பிறர்க்கும் உண்டு. வேளாளர் கலப்பையைப் போற்றும் ஏரெழுபதைக் கம்பர் பாடினார் என்பர். அங்கே எவர் தலையும் வீழவில்லை. ஏர் ஓட்டியவனுக்கு நெல் இருந்தது. பாட்டுக்கு விலையாக அதனையே அளந்திருப்பான். ஈட்டியைப் பாடுதற்கு விலை குருதியாய்த்தான் இருத்தல் வேண்டும் என்று எவரோ ஒருவர் கருதியிருக்க வேண்டும்.

குலத்தின் வீரத்துக்கோ கதை வேண்டுவதில்லை, கல்வெட்டு உண்டு. முதற் பராந்தகன் காலந்தொட்டுச் சோழர் படைகளுள் தெரிந்த கைக்கோளர் படைகள் கூறப்படுகின்றன. சமரகேசரித் தெரிந்த கைக்கோளர், விக்கிரமசிங்கத் தெரிந்த கைக்கோளர் என மன்னர் விருதுப்பெயர்களைத் தாங்கிய படைகள் அவை. அப்படையினர் அனைவரும் நெசவுக்குலத்தவரே எனக் கொள்ளல் இயலுமா, கைக்கோளர் என்பது கைவலியுடையார் என்னும் பொதுப்பெயரா என்று அறிஞர் வாதிப்பர். பின்னர் விசயநகர வேந்தர் காலத்துக் கல்வெட்டுக்களில் கைக்கோளர் நெசவாளராகவும் கோயில்களோடு தொடர்புடையவராகவும் காணப்படுகின்றனர்; பல்லக்கும் சங்கும் கொள்ளும் உரிமை சில ஊர்களில் அவர்க்கு அளிக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, உமையம்மையின் சிலம்பினின்று சிதறிய நவமணிகளிற் பிறந்த நவவீரர் வழியினர் நாம், வீரவாகுதேவர் நம் முன்னோர் என்னும் புராண வரலாறும் உண்டு. கந்தபுராணம் அறிந்த இல்லங்களில் இதனைக் கூறாத கிழவியர் இலர்.

இவ்வியல்பு நமக்கே உரியதன்று. ஐரோப்பாவின் வடமேற்கே ஸ்காட்லாந்து நாட்டு மலைகளில் கிளான் எனப்படும் குலக்குழுக்கள் உள. கிளான் என்பதற்கு அவர்தம் பழைய மொழியில் பிள்ளைகள் என்பதே பொருள். காம்பெல் குலத்தார் கதைகளிற் புகழ்பெற்ற ஆர்தர் மன்னன் வழியினர் என்று தம் வமிசாவளியில் எழுதிக்கொண்டனர். மெக்கிரெகர் குலத்தார் பழைய அரசகுலத்தில் தம்மைப் பொருத்தினர். தலைவன் அவையில் நின்று முன்னோர் பெயர்களை ஒப்பிக்கும் பாணர் அங்கும் பரம்பரையாக இருந்தனர். 1746-இல் கல்லோடன் போரில் அம்மலைநாட்டார் முறியடிக்கப்பட்டபின் அவர்தம் கட்டமிட்ட கம்பளியாடை சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1782-இல் தடை நீங்கியது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒவ்வொரு கட்டம் பண்டுதொட்டே உரியது என இன்று உலகம் நம்புகின்றது. மெய்யோ வேறு. அக்கட்டங்களிற் பல பத்தொன்பதாம் நூற்றாண்டில், பானொக்பர்ன் என்னும் ஊரிலிருந்த வில்சன் குடும்பத்தார் நெசவகத்தில் பெயரிடப்பட்டன. வாளேந்திய வீரர்தம் குல அடையாளத்தை ஒரு நெசவகம் நெய்து கொடுத்தது! நெசவாளர் குடியிற் பிறந்த எமக்கு இதனைப் படித்த நாளில் உண்டான களிப்பைச் சொல்லி மாளாது.

அதனாலேயே யாம் கேட்கின்றோம். ஈட்டியை மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? கிரேக்க வணிகன் ஒருவன் கி. பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த கடற்பயணக் குறிப்பில் அர்காரு என்று பெயரிட்டு, அவ்விடத்து மெல்லிய பருத்தியாடையைக் குறித்துள்ளான். அர்காரு நம் உறையூரே என்று அறிஞர் கொள்வர். அவ்வாடையை நெய்தவர் இன்ன குலத்தார் என்று அவன் எழுதவில்லை. நாமும் அவர் நம்மவரே என உரிமை கொண்டாடல் வேண்டா. இவ்வூரில் இருபது நூற்றாண்டுகட்கு முன்னும் தறி ஓடிற்று என்பது போதும். எந்தையார் கையில் யாம் ஈட்டியைக் கண்டதில்லை, நாடாவையே கண்டோம்.

கூத்தர் தலைகளைக் கேட்டார் என்பதை யாம் நம்பவில்லை. எனினும் அக்கதையின் முதற்பகுதி மட்டும் எம் நெஞ்சை விட்டகலவில்லை. தம் குலத்தைத் தாமே பாடுதல் தகாது என்று அவர் மறுத்த பகுதி அது. மூன்று வேந்தர்க்கு முன்னோரை அடுக்கித் தந்தவர், சூரியன்வரை ஏணி கட்டியவர், தம் இல்லத்தாரின் வேண்டுகோளை ஏன் மறுத்தார்? அரசர்க்குச் செய்த அத்தொழிலின் உட்கூறு அவர்க்குத் தெரியும். எவ்விடத்திற் பொன் பூசப்பட்டது என்று பொற்கொல்லனுக்குத் தெரிவதுபோல. தம் வீட்டார் அதனை மெய்யென நம்பிவிடுதலை அவர் விரும்பியிருக்கமாட்டார். இது எம் ஊகமே; சான்று கேட்பார்க்கு எம்மிடம் ஒன்றுமில்லை.

அவர் இறுதிநாட்களைத் தாராசுரத்திற் கழித்தார் என்பது வழக்கு. இரண்டாம் இராசராசன் தன் பெயரால் அமைத்த இராசராசபுரமே தாராசுரம் எனத் திரிந்தது. அங்கு அவன் எடுத்த ஐராவதேசுவரர் திருக்கோயில் 2004-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதன் அருகே வீரபத்திரர் கோயில் ஒன்று உண்டு. தக்கயாகப்பரணி அங்கிருந்த மடத்திற் பாடப்பட்டது என்றும், கூத்தர் சமாதியும் அங்கேயே உள்ளது என்றும் கூறுவர். பெரிய கோயிலைக் காண வருவோருட் பலர் அங்குச் செல்வதில்லை.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் யாம் எம் மூத்த மகனை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றிருந்தோம். அவனுக்கு வயது ஒன்பது. அவன் பாட்டியிடம் அக்கதையைக் கேட்டிருந்தான் என்பது எமக்குத் தெரியாது. சமாதியென்று காட்டப்படும் இடத்தில் நின்று, தலைகளைக் கேட்டவர் இவர்தாமா என்று வினவினான். அவர் பாடியது பற்றியும் அவர் மறுத்தது பற்றியும் கூறினோம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னர், தன்னைக் கேட்டால் கொடுத்துவிடுவீர்களா என்றான். எம் தந்தையார் எமக்குச் சொல்லாத விடையை அவனுக்குச் சொன்னோம். கொடுக்கமாட்டோம், எந்தப் பாட்டுக்கும் கொடுக்கமாட்டோம் என்று. சரி என்று கூறிவிட்டு, பெரிய கோயில் மண்டபத்தின் கல்தேர்ச் சக்கரத்தில் ஆரக்கால் எத்தனை என்று எண்ணுதற்கு ஓடினான்.